முன் பெஞ்சு

வெங்காயம் உரிப்பவர்களிடம் எதையும் வாசித்துக் காட்டக் கூடாது. அழுகிறார்களா இல்லையா என்று தெரியாது. அதை யோசிக்காமல்தான் அன்று மத்தியானம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, நான் எழுதிய மூன்று பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்த சின்ன வெங்காயம் முறம் நிறையக் கிடந்தது. மறுநாள் சாயங்காலம் அம்மாச்சிக்கு முப்பதாம் நாள் பூசை, அதன் பிறகு நூறு பேருக்குச் சாப்பாடு. பூசை முடிவில் அம்மாச்சியைப் பற்றி நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அவளுடைய தம்பி டோமினிக் தாத்தா உத்தரவு போட்டிருந்தார். "அழுகாச்சியா எழுதாத ஜென்சி. அக்கா வாழ்ந்த வாழ்க்கைக்கு ஜனங்க வாயப் பொளக்கணும்."

வாயைப் பிளக்க விஷயத்துக்கா பஞ்சம்? என் அம்மாச்சி லூர்துராணி, சின்ன வயதிலேயே புருஷனை இழந்த நர்ஸ். எழுபத்தேழு வெள்ளத்தில் உறையூரில் மார்பளவு தண்ணீரில் நடந்து போய், ஒரு வீட்டுப் பரணில் வைத்துப் பிரசவம் பார்த்தவள். எண்பதில் தன்னந்தனியாக குவைத்துக்குப் போனவள். தொண்ணூறில் அங்கே சண்டை மூண்டபோது பாலைவனத்தைப் பஸ்ஸில் கடந்து ஜோர்டான் முகாமுக்கு வந்தாள். விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் தனக்குக் கிடைத்த இடத்தை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றுப்போக்கில் கிடந்த முகாம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மேலும் ஒரு மாதம் அங்கேயே தங்கிவிட்டாள்.

இதில் உச்சக்கட்டம் ஒன்று உண்டு. அந்த பஸ்ஸில் போன நஜிமுதீன் என்கிற திருச்சிக்காரர், அம்மாச்சியின் பெயரைக் கூப்பிட்டதையும் ஆள் வராததையும் பார்த்திருக்கிறார். ஊர் வந்ததும் அதை இங்கே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. செத்துப்போயிருப்பாள் என்று முடிவுகட்டி, எங்கள் பங்குக் கோயிலில் அவள் ஆத்மாவுக்குப் பூசையே வைத்துவிட்டார்கள். பூசை முடிந்து ஒரு வாரம் கழித்து அம்மாச்சி பெட்டியோடு வந்து இறங்கினாள். "செத்து, பூசையும் வாங்கிட்டு, திரும்பி வந்து காப்பி குடிச்சவ நான்" என்று அவள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொல்வதை எத்தனை கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அம்மாவைக் குத்தத்தான் அந்த மூன்று பக்கத்தையும் எழுதினேன். அம்மாச்சியை அடக்கம் செய்த அன்று அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லறைக் குழிக்குப் பக்கத்தில் நின்று, மண் அள்ளிப் போட வருகிறவர்களுக்குக் கைகழுவ பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "பெத்த பொண்ணா இது?" என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு அவள்மேல் பழைய பாக்கியும் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் முக்கொம்புக்குச் சுற்றுலா போனபோது பின்னாலேயே டவுன் பஸ்ஸில் வந்தவள் அவள். சென்னையில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தும் ஹாஸ்டல் என்கிற ஒரே காரணத்துக்காக என்னை அனுப்பவில்லை. "பிள்ளையப் பறக்க விடுடி லிசி" என்று எனக்காக அம்மாச்சிதான் சண்டை போட்டாள். அம்மா அசையவில்லை. நான் இங்கேயே படித்து, இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். காவிரிப் பாலத்துக்கு அந்தப்பக்கம், அவ்வளவுதான் என் பறத்தல்.

பூசைக் கதையை அம்மாச்சியின் குரலிலேயே வாசித்து முடித்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா ஒரு வெங்காயத்தை உரித்துத் தண்ணீரில் போட்டாள். "அந்தப் பூசையில முன் பெஞ்சுல யாரு உக்காந்திருந்தாங்கன்னு எழுதலையா?"

"யாரு?"

"நான்தான்."

அவள் முறத்தைவிட்டு நிமிரவில்லை. எனக்குச் சட்டென்று கணக்கு ஓடியது. தொண்ணூறில் அம்மாவுக்குப் பதினாறு வயது. எண்பதில் ஆறு. அந்தப் பத்து வருடம் அவள் ஹாஸ்டலில் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அம்மாச்சியின் கதைகளை நூறு தடவை கேட்டும், அப்போது அம்மா எங்கே இருந்தாள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

"சொந்தக்காரங்கதான் முன்னாடி உக்காரணும்னு ஹாஸ்டல் மதர் சொல்லிட்டாங்க. அப்பா இல்ல. டோமினிக் மாமா பாம்பேல இருந்தாங்க. வேற யாரு இருக்கா எனக்கு? எட்டுப் பேர் உக்கார்ற பெஞ்சு, நான் ஒருத்திதான். ஹாஸ்டல் பிள்ளைங்க பூரா பின்னாலேர்ந்து என் முதுகையே பாத்துக்கிட்டு இருக்காங்க. அன்னைக்கு அழுதேன் ஜென்சி. வாந்தி வர்ற வரைக்கும் அழுதேன்."

"அம்மாச்சி வந்தப்ப?"

"விசிட்டர் ரூம்ல நின்னாங்க. மதர் விஷயத்தச் சொன்னதும் சிரிச்சாங்க பாரு, அப்படி ஒரு சிரிப்பு. எனக்கேவா பூசைன்னு. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்யறது?"

அம்மா எப்போதுமே தன் அம்மாவை 'அவங்க' என்றுதான் சொல்வாள். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு லெட்டர்கூடவாம்மா போடல?"

"கேட்டேனே. தினம் பிளேன் வந்துச்சே, யார்கிட்டயாவது ரெண்டு வரி குடுத்துவிட்டிருக்கலாமேன்னு. 'ஞாபகமே வரல லிசி, அங்க அத்தன குழந்தைங்க'ன்னாங்க." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொய் சொல்லல. அவங்களுக்குப் பொய் வராது. அந்தக் கைப்பிள்ளைங்களும் பாவம்தானே?"

நான் தாளை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

"கல்லறையில நான் வேணும்னு அழாம இருக்கல" என்றாள் அம்மா. "அன்னைக்கே அழுது முடிச்சிட்டேன் போல."

"அந்தப் பூசைக் கதைய எடுத்துடட்டுமாம்மா?"

"எதுக்கு? படி. எல்லாரும் சிரிப்பாங்க. நான் வரலைன்னா, சமையல் வேல இருக்குன்னு சொல்லிடு."

எனக்கு அம்மாச்சிமேல் கோபம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, எப்படியாவது கோபப்பட்டுவிட வேண்டும் என்று முயன்று பார்த்தேன். நினைவுக்கு வந்ததெல்லாம் அவள் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததும், காய்ச்சலில் என் நெற்றியில் வைத்த கையும்தான். ஒரு ஆயுசு முழுக்க யார் யார் பிள்ளையையோ காப்பாற்றிய கை. அந்தக் கைக்குத் தன் மகளுக்கு இரண்டு வரி எழுத ஞாபகம் வரவில்லை. இரண்டும் ஒரே கை என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமலே பாலக்கரையில் இறங்கினேன்.

கோயிலில் கூட்டம் இருந்தது. முன்னால் வந்து உட்காரச் சொல்லி ஃபாதர் எத்தனை தடவை கெஞ்சினாலும் எங்கள் ஜனம் முதல் பெஞ்சில் உட்காராது. டோமினிக் தாத்தாவும் சொந்தக்காரர்களும் வலது பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அம்மாவைக் காணவில்லை. நற்கருணை முடிந்து ஃபாதர் என் பெயரைச் சொன்னார். நான் மைக்குக்கு முன்னால் போய் நின்றபோது, பக்கவாட்டுக் கதவு வழியாக அம்மா வந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பின்னால் எவ்வளவோ இடம் இருந்தும் நேராக நடந்து வந்து, இடது பக்கம் முதல் பெஞ்சின் ஓரத்தில், முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தாள்.

வெள்ளத்தை வாசித்தேன். குவைத்தை வாசித்தேன். பஸ்ஸில் இடம் கொடுத்ததை வாசித்தபோது யாரோ விசும்பினார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதை எடுத்துவிடவும் எனக்குத் துணிவு வரவில்லை, வாசிப்பது என்றும் முடிவு செய்திருக்கவில்லை.

"என் அம்மாச்சிக்கு இதே கோயிலில் ஏற்கெனவே ஒரு முறை பூசை நடந்திருக்கிறது."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை. டோமினிக் தாத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். கோயிலே சிரித்தது. ஃபாதர்கூடப் புன்னகைத்தார். அம்மாவும் சிரித்தாள். கல்யாண வீடுகளில், கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், என் பிறந்தநாட்களில் அவள் முகத்தில் நான் பார்த்திருக்கிற அதே சிரிப்பு. இத்தனை வருடமும் அதை மற்றவர்கள் சிரிப்பைப் போல ஒரு சிரிப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். 'காப்பி, காப்பி' என்று டோமினிக் தாத்தா வாயசைத்து எனக்கு எடுத்துக் கொடுத்தார். தாளை மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். ஃபேன்களின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

முதல் பெஞ்சுக்கு வந்தேன். அம்மா பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எட்டுப் பேர் உட்காரும் அந்தக் காலிப் பெஞ்சில், எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.