பள்ளத்துக்கு விட்ட தண்ணீர்

அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தபோது, வாய்க்காலை ஒட்டிய நல்ல வயலில் பெரும்பகுதியைத் தம்பி சுருட்டிக்கொண்டான். மீதியிருந்த துண்டு வயலையும், அதன் கோடியில் வெடித்துக் கிடந்த பள்ளத்தையும் அக்காவின் தலையில் கட்டினான். கட்டிவிட்டு, "பரப்பளவு பாத்தா உனக்குத்தான்க்கா ஜாஸ்தி" என்று பெருந்தன்மை வேறு காட்டினான். அன்றிலிருந்து அவனைப் பார்க்கும்போதெல்லாம் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும் அவளுக்கு.

அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் சதுப்பு. ஆற்றை மறித்து அணை கட்டி, வெள்ளம் நின்றதும் காய்ந்துபோனது. கரை மரங்கள் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தன. சுற்றுச்சூழலுக்காக ஒதுக்கிய அணைத் தண்ணீரை இனிச் சொந்த நிலத்துச் சதுப்புகளுக்கும் விடலாம் என்று நீர்வாரியம் சொன்னதும், முதல் ஆளாகப் போய்க் கேட்டாள்.

"தவளைக்கு விவசாயம் பண்றியாக்கா?" என்று உரக்கடை வாசலில் தம்பி கேட்டான். அவன் வாய் திறந்தால் சிரிப்பதற்கென்றே எப்போதும் நாலு பேர் கூட இருப்பார்கள். சிரித்தார்கள்.

"ஆமாண்டா. மனுஷனுக்குப் பண்ணித்தான் பாத்தாச்சே" என்றாள்.

வாரியத்தின் பம்பு ஓடியது. வெடிப்புகள் குமிழிவிட்டுக் குடித்தன. பிறகு கோரை முளைத்தது, பட்ட மரம் என்று நினைத்த ஒன்று துளிர்த்தது. ஒரு காலையில் அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கி, கோரையை மிதித்து மடக்கிக் கூடு கட்டின. அன்று முதல் பள்ளம், தம்பியின் வாயில் 'எங்க ஏரி' ஆனது. நாலு பேரையும் கூட்டிவந்து, நீர்க்காகத்தைக் காட்டி வாத்து என்றான்.

குஞ்சுகள் பொரித்த சமயத்தில் பம்பு நின்றது.

"ஒதுக்கின அளவு முடிஞ்சிருச்சும்மா. இனி அடுத்த பருவந்தான்" என்றார் வாரியத்து அதிகாரி.

"அப்ப குஞ்சுங்கள அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லவா, சார்?"

அதிகாரி தன் செல்போனைப் பார்த்தார், பதில் அதில் வந்துவிடும் என்பதுபோல.

தண்ணீர் வடிந்தால் தாய்ப்பறவைகள் கூட்டைக் கைவிட்டுவிடும். மிச்சத்தை நரி பார்த்துக்கொள்ளும். அதுவரை தம்பியிடம் எதுவும் கேட்டறியாதவள், அவன் வீட்டு வாசலேறினாள். அவனுக்கு வாய்க்காலில் தேவைக்கு மேலேயே தண்ணீர் இருந்தது.

"பறவைக்கு ரெக்க இருக்குல்லக்கா? வேற எடம் பாத்துக்கும்."

"குஞ்சுக்கு இன்னும் மொளைக்கலடா."

"அதுக்கு நான் என்ன பண்ண?" என்று டிவி சத்தத்தைக் கூட்டினான்.

வீடு திரும்பியவள், தன் மக்காச்சோளத்துக்குப் போகிற மடையை அடைத்துப் பள்ளத்துப் பக்கம் திறந்துவிட்டாள். கதிரில் மணி பிடிக்கிற நேரம். கூட மண்வெட்டி பிடித்த கணவன், "நல்லா யோசிச்சியா?" என்றான்.

"யோசிச்சா செய்யமாட்டேன்."

கூடுகள் தப்பின. சோளம் தப்பவில்லை. கதிரை உரித்தால் பொக்கைவாயாகச் சிரித்தது. வரப்பில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு, தட்டையை மாட்டுக்கு வெட்டினாள்.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் வாரியத் தலைவரும் டிவிக்காரர்களும் வந்தார்கள். தம்பி சலவைச் சட்டையில் முன்னால் நின்றான். "குடும்பமா சேந்து தியாகம் பண்ணினோம்" என்றான், குரல் தழுதழுக்க. எப்போது பழகினானோ.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். "தம்பி அடக்கமாப் பேசுறான் சார். அடுத்த வருஷம் கூட்டுல குஞ்சு இருக்கிறவரைக்கும் அவன் பங்குத் தண்ணியையும் விடுறேன்னு சொல்லியிருக்கான். இல்லடா?"

கேமரா அவன் முகத்துக்குத் திரும்பியது.

"ஆ... ஆமா. அக்கா கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா."

தலைவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடியாது என்று நேருக்கு நேர் சொல்லியிருந்தால்கூட அவனைக் கொஞ்சம் மதித்திருப்பாள். அந்தக் கடைசி வாய்ப்பையும் பல்லை இளித்துத் தொலைத்துவிட்டான்.

பேச்சு மாறுவான் என்று தெரியும். அதனால் அன்று சாயங்காலமே, பள்ளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பைப் போடுகிறவரைக் கூட்டிவந்து அவன் மடையருகே நிறுத்தினாள். பைப்காரர் தம்பியிடம், "டிவில உங்களத்தான் காட்டுனாங்க. எங்கேருந்து தோண்டட்டும்?" என்று கேட்டார்.

உடன் நின்ற நாலு பேரும் தம்பியின் வாயையே பார்த்தார்கள். அவன் வாயே திறக்காமல், தன் வயலின் ஓரத்தைக் காட்டினான்.