ஈரச் சீலைக்கு வெட்டிய கம்பி

1
இந்தக் கதை கிணற்றடியில் வெறுமையாகக் கிடந்த ஒரு கம்பியைப் பார்த்தபோது தொடங்கியது. முதலில் எழுதிய வரி: ‘அறுபதுகளில் மட்டக்களப்புக் கல்லடியில் அமெச்சூர் வானொலி...’ [வேண்டாம். கட்டுரை.]

இரண்டாவது: பீற்றிஸ் இறந்து ஓராண்டான வாரம், அவள் கணவன் வின்சன்றின் குரல் மன்னாருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இது நிற்கட்டும். [வின்சன்ற் நான் வைத்த பெயர். பீற்றிஸையும் மாற்றப் பார்த்தேன். கதை நகரவில்லை.]

2
வானொலியில் பேச, சிற்றலை நாற்பது மீற்றருக்கு அறுபத்தாறு அடி ஏரியல் கம்பி வேண்டும். வின்சன்றின் வீட்டு வளவு அதில் பாதி. தென்னைகளுக்கிடையே கட்டி, மிஞ்சியதைத் தாழ மடித்துக் கிணற்றடித் தூணுக்கு இழுத்தான்.* பீற்றிஸ் அதைக் உடுப்புக் கொடியென்றே எடுத்துக்கொண்டாள்.

“கம்பி கடிக்குமா?”

“நான் வானொலியில கதைக்கிற நேரம் மட்டும்.”

“அப்ப கதைக்காம இருங்க. எனக்குச் சீலை காயோணும்.”

அவன் தோற்றான். ஈரச் சீலை கிடக்கக் கிடக்கவே கம்பியை அளவு பார்த்து வெட்டினான். ஈரத்துணி கிடந்தால் கம்பி நீண்டதுபோல் நடக்கும். ஆகவே குட்டையாக வெட்டிவிட்டான். பிழை தெரியவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து அவள் தோய்த்துப் போட்டாள். அவள் உள்ளே போனதும், சீலை காயுமுன், அவன் கதைத்தான்.

* மடித்த கம்பியும் வேலை செய்யும், சற்று மெலிவாக. மனிதரைப் பற்றியும் இப்படி ஒரு வரி வந்தது. அடித்துவிட்டேன்.

3
அவள் இறந்தபின் ஓராண்டு வானொலியைத் தொடவில்லை. தொட்டபோது, மன்னாரில் படிப்பிக்கும் கல்லூரித் தோழன் மஜீட் சொன்னான்: “உன்ட சத்தம் தேஞ்சு கிடக்கு, மச்சான். கம்பி குட்டை போல, நாலடி ஒட்டு.”

அப்போதுதான் பிழை விளங்கியது: ஈரச் சீலை இல்லாத கம்பி நாலடி குட்டை.

4
ஆண்டுப் பூசைக்குப் பிறகு இறந்தவரின் உடுப்புகளை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது அந்தக் குடும்ப வழக்கம். பீற்றிஸின் தாய், மாமி றோஸ்மேரி, பெட்டகத்தடியில் நின்றாள். [இங்கே அவளை அழவைத்தேன். அவள் அழவில்லை.] எல்லாம் கட்டியபின் நீலச் சீலையை மட்டும் அவனிடம் நீட்டினாள். பீற்றிஸ் கடைசியாக உடுத்தது, தோய்க்காதது.

கம்பியில் போடப்போவதாக அவன் சொன்னான். நனைத்தா என்று மாமி கேட்டாள். ஓம் என்றான்.

“அவள்ட வாசம் அதுலதான் கிடக்கு, தம்பி. நனைச்சாப் போயிரும்.”

5
அவன் தன் இடுப்புச் சாரத்தை நனைத்துப் போடலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். அவன் போடவில்லை.

முடிவு ஒன்று: நாலடி ஒட்டுகிறான். மஜீட்டுக்குக் கணீரென்று கேட்கிறது. இனி அந்தக் கம்பிக்கு எவருடைய சீலையும் தேவையில்லை.

முடிவு இரண்டு: சீலையை வாளிக்குள் இறக்கி, நீர் நீலமாகும்வரை...

ஞாயிறு காலை. வானொலியில் மஜீட் கூப்பிடத் தொடங்கிவிட்டான். கிணற்றுக்கட்டில் கம்பிச் சுருளும் குறடும்; பக்கத்தில் நிறைந்த வாளி. சீலை அவன் தோளில். எதற்குக் கை நீட்டுகிறான் என்று நீங்களே எழுதுங்கள். எனக்கு இரண்டும் கைவரவில்லை.