சம்பூர்ணம் போட்ட எட்டு டிக்

அறுத்துத் தைத்த வயிற்றோடு ஒரு மனுஷனை மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்களே, இவர்களுக்கு மூளை கீளை பிசகிவிட்டதா என்றுதான் சம்பூர்ணத்துக்குத் தோன்றியது. அச்சரப்பாக்கத்தில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றாலே பத்து நாள் பாயை விட்டு எழுந்திருக்க விடமாட்டார்கள். கஞ்சியும் பூண்டு ரசமும்தான் பத்தியம். இவள் புருஷன் எல்லப்பனுக்கோ இரைப்பைப் புண் வெடித்து ஓட்டையே விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸில் அலற அலற செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, அவசரமாக வயிற்றைத் திறந்து அடைத்திருந்தார்கள்.

"படுத்தே கெடந்தா குடல் தூங்கிடும், நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும்" என்றாள் நர்ஸ் ஜெஸ்ஸி. கட்டில் கால்மாட்டில் ஒரு தாளைத் தொங்கவிட்டாள். வார்டு கோடிவரை நடந்து திரும்பினால் ஒரு டிக். நாளைக்கு நாலு டிக். முதல் தடவை அவளே கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினாள். எல்லப்பன் நாலடி வைத்து "ஐயோ அம்மா" என்றதும் சம்பூர்ணம் ஓடிவந்து அவனைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டாள்.

"இனிமே நான் பாத்துக்கறேன் சிஸ்டர், நீங்க மத்தவங்களைப் பாருங்க" என்றாள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாள்! புருஷனைக் கழுத்துவரை போர்த்திவிட்டு, "அசையாம படு. தையல் பிரிஞ்சிட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" என்று அதட்டினாள். ஆனால் தாளில் டிக் போட வேண்டுமே. நடக்காமல் எப்படிப் போடுவது? பொய் எழுதக் கை வரவில்லை மகராசிக்கு. மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு அவளே கோடிவரை போய்த் திரும்பி, வந்து ஒரு டிக் போட்டாள். அடுத்த இரண்டு நாளில் எட்டு டிக். நர்ஸ்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, யார் கவனித்தார்கள்? எல்லப்பனுக்கும் முப்பது வருஷமாக அவள் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை.

நாலாம் நாள் காலையில் அவன் வயிறு பானைபோல உப்பிக்கொண்டது. ஒரு வாய்த் தண்ணீருக்கே குமட்டினான். டாக்டர் வசுமதி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தாளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இவ்ளோ நடந்துமா காத்து பிரியல? அடைச்ச எடம் கசியுதோ என்னவோ. ஸ்கேன் எடுக்கணும். கசிஞ்சா திரும்பத் திறக்க வேண்டியதுதான்."

திரும்பத் திறப்பதா! சம்பூர்ணம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நடந்தது அவரு இல்ல. நான்."

"என்னது?"

"அத்தினி டிக்கும் என்னுது. மொத தபா சிஸ்டர் எறக்கினதோட சரி, அப்பறம் அவரு கட்டிலை வுட்டு எறங்கவே இல்ல."

ஜெஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. காய்ச்சல், நாடி, பிரஷர் எல்லாம் மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நடக்காம குடல்தான் தூங்குது போல. ஸ்கேன் சாயங்காலத்துக்கு எழுதியிருக்கேன். அதுக்குள்ள நடக்க வைங்க. அவரை!"

நடந்தார்கள். வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, மறு கையை அவள் தோளில் போட்டுக்கொண்டு, எல்லப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். மூன்றாவது சுற்றில் கோடி ஜன்னலருகே வந்ததும் சம்பூர்ணம் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"யோவ், உன் முதுகுவலிக்கு என் மூட்டுவலி மாத்திரையக் குடுத்தேனே, தெனம் வெறும் வயித்துல டீயோட. அதுதான்யா ஓட்டை போட்ருக்கு. சிஸ்டர் பக்கத்து பெட்டுக்காரருக்குச் சொல்லிகினு இருந்தாங்க, கேட்டேன். நானே உன்னைக் கெடுத்துட்டு, நானே எப்பிடி உன்னை எழுப்பி வலிக்க வலிக்க நடக்க வைப்பேன்?"

"தெரியும்" என்றான் எல்லப்பன். "டாக்டரு மொத நாளே கேட்டாங்க. நானே மெடிக்கல்ல வாங்கித் துன்னேன்னு சொல்லிட்டேன்."

"பொய்யா சொன்ன?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கீழே இருந்து சத்தம் வந்தது. சின்னச் சத்தம் இல்லை, வார்டே திரும்பிப் பார்த்தது. ஜெஸ்ஸி மருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"வந்துடுச்சா அங்கிள்?"

"வந்துச்சும்மா" என்றான் அவன், வெட்கத்தோடு. முப்பது வருஷமாக இதே சத்தத்துக்கு மூக்கைப் பொத்தித் திட்டியவள், அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலத்துக்குள் வயிற்று உப்பல் வடிந்துவிட்டது. டாக்டர் ஸ்கேன் வேண்டாம் என்றார். ஒன்பதாவது டிக்கிலிருந்து எல்லாவற்றையும் எல்லப்பன் தன் கையாலேயே போட்டான். பேனாவை வைத்துவிட்டு அவள் முன்னால் கையை நீட்டினான்.

"சுருக்குப் பையக் குடு."

"எதுக்கு?"

"குடுன்றேன்ல."

பையைப் பிரித்து மாத்திரை அட்டையை வெளியே எடுத்தான். பாதி காலி.

"எனக்காக நடந்து நடந்து இன்னும் ஜாஸ்தியா முழுங்கினியா?"

அவள் அட்டையைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் அட்டையை ஜெஸ்ஸியிடம் கொடுத்தான்.

"இவளையும் டாக்டராண்ட காட்டுங்க சிஸ்டர்" என்றான். பிறகு சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினான். "நீயும் படுத்துட்டா, என்னை யாருடி நடக்க வைப்பாங்க?"