மலையேற ஒரு கால அட்டவணை

பேருந்துப் பணிமனையில் என் வேலை வண்டி ஓட்டுவதல்ல, கழுவுவதல்ல, பழுது பார்ப்பதுமல்ல. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி அட்டவணை போடுவது. ஓட்டுநர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘நிமிஷம்’. முகத்துக்கு நேரே மட்டும் ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்வார்கள். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாத நான் நூற்றுப் பத்து வண்டிகளுக்கு வழி சொல்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

மலையேறும் ஆசை என்னுடையதல்ல, என் மனைவியுடையது. அவள் நகர நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “ஒரு தடவையாவது ஒரு பெரிய மலையில ஏறி, மேல நின்னு கீழ பார்க்கணும்.” கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் ‘எனக்கு இது வேண்டும்’ என்று வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான். நானும் ஒரு சட்டையை மடிப்பதுபோல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். “பிள்ளைங்க பரீட்சை முடிஞ்சதும் போயிடலாம். வெளிநாட்டுக்கே போயிடலாம். நான் பிளான் போடறேன்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. அன்று சாயங்காலமே அது அவள் ஆசையாக இல்லாமல் என் திட்டமாகிவிட்டது.

மூன்று வாரம் உழைத்தேன். மலை கிடைத்தது. அதில் ஆறு நாள் நடைப்பயணம் கூட்டிப்போகும் ஒரு நிறுவனம் கிடைத்தது. பகலில் நடை, இரவில் மரக் குடிலில் தூக்கம். அவர்கள் அனுப்பிய பயண விவரம் ஒரே ஒரு பக்கம். ‘காலை உணவுக்குப் பின் புறப்படுதல்’ என்று எழுதியிருந்தார்கள். காலை உணவுக்குப் பின் என்றால் எத்தனை மணி? இதெல்லாம் ஒரு அட்டவணையா? பதினான்கு பக்கத்துக்கு அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எழுவது, பல் தேய்ப்பது, பூட்ஸ் கயிறு கட்டுவது, காட்சியை ரசிப்பது எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு. ரசிப்பதற்கு நான்கு நிமிடம்.

“அப்பா, மலை லேட்டா வந்தா மெமோ கொடுப்பீங்களா?” என்று கேட்டாள் கல்லூரியில் படிக்கும் என் மகள்.

“சிரி, சிரி. அங்க போய்ப் பாரு, எல்லாரும் என்கிட்டதான் வந்து டைம் கேட்பாங்க” என்றேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் அட்டவணையின் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்பா, அம்மா பேருக்கு எதிர்ல ஸ்பேர்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?”

எங்கள் பணிமனையில் மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. எந்த டூட்டிப் பட்டியலும் ஸ்பேர் இல்லாமல் போகக் கூடாது. யாருக்காவது உடம்பு சரியில்லை, யாராவது வரவில்லை என்றால் கை கொடுக்க, ஓய்வறையில் சீருடையோடு ஒருவர் காத்திருப்பார். பெரும்பாலும் அவருக்கு வேலை வராது. செய்தித்தாளைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போவார். நால்வர் போகும் மலைக்கும் பழக்க தோஷத்தில் ஒரு ஸ்பேர் போட்டுவிட்டேன். நானும் பிள்ளைகளும் மேலே. பெட்டிகள், பாஸ்போர்ட்டுகள், மருந்துப் பை இவற்றோடு மனைவி கீழே ஹோட்டலில். அந்தப் பெயரை எழுதும்போது கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. யோசித்து எழுதியிருந்தால்கூடப் பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து படித்தாள்.

“உனக்குத்தான் வசதி. ஹோட்டல்ல பெரிய பால்கனி இருக்கு. அங்கேர்ந்தே மலை முழுக்கத் தெரியும். காலும் வலிக்காது” என்று விளக்கினேன்.

“சரி” என்றாள்.

பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் ‘சரி’ போதுமானதாக இருந்தது. கையெழுத்து வாங்கின மாதிரி நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். மலையேறப் போகும் ஒவ்வொருவரும் ஒரு சோதனை செய்து வீடியோ அனுப்ப வேண்டுமாம். முதுகில் எட்டுக் கிலோ பை. ஐந்து மாடிப் படிக்கட்டை ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து தடவை ஏறி இறங்க வேண்டும். வீடியோவில் கடிகாரம் தெரிய வேண்டும். “அவ்வளவுதானா?” என்று கேட்டேன். “அவ்வளவுதான் சார்” என்றாள் அந்தப் பெண்.

கணக்கு எளிது. பதினைந்து சுற்று, அறுபது நிமிடம், சுற்றுக்கு நான்கு நிமிடம். எங்கள் வண்டிகள் மேம்பாலத்தைக் கடக்கவே நான் ஆறு நிமிடம் தருகிறேன். பிள்ளைகள் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் நானும் முடித்துவிடுவதாக ஏற்பாடு. புது பூட்ஸ், புது பை, பைக்குள் எட்டுக் கிலோ அரிசி. மகள் படம் பிடிக்க, மகன் எண்ண, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்திலிருந்து கிளம்பினேன்.

முதல் சுற்று மூன்றே முக்கால் நிமிடம். “பார்த்தீங்களா?” என்று மகளின் செல்போனைப் பார்த்துக் கையாட்டினேன். இரண்டாவது சுற்று ஆறு நிமிடம். மூன்றாவது சுற்றில் இரண்டாம் மாடி வளைவில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. யாரோ வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கதவு திறந்தது, அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை.

“பூட்ஸ் சரியில்லை” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

தண்ணீர் உள்ளே போனதும் மூளை வேலை செய்தது. மகளை அருகில் கூப்பிட்டு, “நான் லிஃப்ட்ல மேல போயிடறேன். நீ அப்பப்போ படிக்கட்டுல என்னை மட்டும் எடு. துண்டு துண்டா எடுத்து ஒட்டிக்கலாம்” என்று கிசுகிசுத்தேன்.

“கடிகாரம் தெரியணும்னு சொன்னாங்கப்பா” என்றாள் அவள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் குரலில் பரிதாபம் இருந்தது.

அப்போதுதான் மனைவி வந்தாள். தோளில் கைப்பை, கையில் காய்கறிப் பை. என்னைப் பார்த்தாள், செருப்புகளைப் பார்த்தாள், வீட்டுக்காரரிடம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் முதுகிலிருந்து அரிசிப் பையைக் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, காய்கறியை மகனிடம் தந்துவிட்டு, கீழே போனாள்.

“என்னம்மா பண்ணறே?” என்றேன்.

“சும்மா, பார்க்கலாமே” என்றாள்.

வேலைக்குப் போட்டுப்போன அதே பழைய செருப்பில் ஏறினாள். வேகமாக அல்ல, ஒரே சீராக. கைப்பிடியைத் தொடவில்லை. ஐந்தாவது சுற்றில் புன்னகைத்தாள். ஒன்பதாவது சுற்றில் என்னைக் கடக்கும்போது, “வழியை விட்டுத் தள்ளி உட்காருங்க” என்றாள். பதினைந்து முடிந்தபோது ஐம்பத்தொரு நிமிடம். நெற்றி வியர்த்திருந்தது, மூச்சு லேசாக வாங்கியது, அவ்வளவுதான். மகள் எல்லாவற்றையும் கடிகாரத்தோடு எடுத்திருந்தாள்.

“எப்படி?” என்றேன். வாயை மூட மறந்திருந்தேன்.

மகன்தான் பதில் சொன்னான். “அம்மா லைப்ரரியில லிஃப்டே கிடையாதேப்பா. கேட்கற புக்கை எல்லாம் அம்மாதான் கீழ் ரூம்லேர்ந்து மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவை. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. நூலகத்தின் முன்வாசலில் அவளை இறக்கிவிட்டிருக்கிறேன். வாசலைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை, முத்திரை குத்தும் வேலை என்று நானாக முடிவுசெய்து வைத்திருந்தேன். நூற்றுப் பத்து வண்டிகள் எந்த நிமிடம் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டில் இருக்கும் ஒருத்தி பகல் முழுக்க எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவமானமாக இருந்தது, படியேற முடியாததைவிட இது அதிகமாக.

ஆனால் என் புத்தி லேசில் திருந்துவதா? இரண்டு நாள் பணிமனையில் உட்கார்ந்து ஒரு தியாகத்தைத் தயார்செய்தேன். கடைசிப் பக்கத்தைப் புதிதாக அடித்தேன். அவள் பெயர் மேலே. ஸ்பேருக்கு எதிரில் என் பெயர். எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் அவள் கண் கலங்கும் என்பதையெல்லாம் ஒத்திகை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் தேநீரோடு உட்கார்ந்ததும் காகிதத்தை மேசையில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். நான் கீழேயே இருக்கேன். நீ போயிட்டு வா.”

அவள் காகிதத்தை எடுத்துப் பார்க்கவில்லை. “தெரியும். பேர் கொடுத்தாச்சு” என்றாள்.

“எந்தப் பேர்?”

“மேல நானும் பிள்ளைங்களும். கீழ நீங்க. போன வாரமே அந்தப் பொண்ணுக்கு மெயில் போட்டுட்டேன்.”

“போன வாரமா? டெஸ்டுக்கு முன்னாடியேவா?”

“லிஃப்ட் ரிப்பேர்னா, சரியாகற வரைக்கும் கீழேயே பேப்பர் படிச்சிட்டு நிக்கறவர் நீங்க. இதுக்கு டெஸ்ட் வேறயா?”

“அப்போ ஏன் என்னை அந்தப் படியெல்லாம் ஏற விட்டே?”

“நான் சொன்னா கேட்பீங்களா? படிக்கட்டு சொன்னா கேட்பீங்கன்னு நினைச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. தியாகம் செய்ய வந்தவனுக்குச் செய்வதற்குத் தியாகமே மிச்சமில்லை. அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். காகிதத்தை மெல்ல என் பக்கம் இழுத்து மடித்தேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கேலியெல்லாம் அவள் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

“ஆறு நாள். பாஷை தெரியாத ஊர், போனும் சரியா கிடைக்காது. தனியா இருந்துடுவீங்களா?” என்று கேட்டாள். “கஷ்டமா இருக்கும்னா சொல்லுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். எல்லாருமா சேர்ந்து வேற எங்கேயாவது போகலாம். மலை எங்கேயும் போயிடாது.”

கிண்டலில்லை, குத்தலில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மலையை விட்டிருப்பாள். அதே ஊரில், அதே ஆறு நாள், அவளை உட்கார வைத்து எழுதினேனே, அப்போது இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

“இருந்துடுவேன்” என்றேன். “நீ தனியா எப்படி இருப்பேன்னு நான் கேட்கவே இல்லையே.”

“இல்லை” என்றாள் அவள்.