அளவு ஜாக்கெட்

தையல்காரரிடம் போகிற பெண்கள் அளவு ஜாக்கெட் கொண்டுபோவார்கள். டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டபோது கலைமணியும் அப்படித்தான் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புற்றுநோய் வந்து வலது மார்பை எடுத்து இரண்டு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து கழிவு நூலைத் துணியில் சுருட்டி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் தறிக்குப் போனாள். நூல் அறுந்தால் குனிந்து முடிய வேண்டும். குனிந்தால் சுருட்டு அக்குளுக்கு ஓடிவிடும். ஒரு கை அதைப் பிடிப்பதற்கே சரியாகப் போயிற்று. ஆபரேஷன் பண்ணி உள்ளேயே ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டாள். ஆனாலும் யார் கையில் உடம்பைக் கொடுப்பது, கொடுத்தால் அது தன்னுடையதாகவே திரும்பி வருமா என்பதுதான் பயம்.

முதலில் சேலத்தில் ஒரு டாக்டர். கல்யாணத்துக்குத் தைத்த சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை, சிரித்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினார். இடதுபக்கமும் தளர்ந்துவிட்டது, அதையும் தூக்கித் தைத்து, இந்தப் பக்கம் பெரிய சிலிக்கானாக வைத்தால் இருபத்தைந்து வயசுக்காரி மாதிரி ஆகலாம் என்றார். அவள் புருஷன் சென்றாயன் ரிக்கு வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டே நரைத்தவன். இப்படி வைத்ததில் கெட்டுப்போனதும் உண்டா என்று கேட்டான். தன் கையில் ஒன்றுகூட இல்லை என்றார் அவர்.

திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சென்றாயன் முணுமுணுத்தான். "தண்ணி வராம புகை பறந்த குழியே இல்லைங்கறவன் வண்டிய நான் நம்பமாட்டேன் புள்ள."

அவள் சிவப்பு ஜாக்கெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதைய எதுக்கு எடுத்தாந்த? நான் இதைப் பார்த்ததே நாலு நாளு. அப்பறம் வண்டி மத்தியப் பிரதேசம் போயிருச்சு. எனக்கு நெனப்புல இருக்கறது அந்தப் பச்சைதான்."

அவளுக்கும் அதுதான் நினைவில் வந்தது. மகள் மதுமதி அப்போது கைக்குழந்தை. தறிக்கொட்டாயின் மூலையில் சேலையில் தொட்டில். தறிச் சத்தத்தில் பிள்ளை அழுவது காதில் விழாது. மார்பில் பால் சுரந்து பச்சை ஜாக்கெட் நனையும், அதை வைத்துத்தான் பிள்ளைக்குப் பசி என்று ஓடுவாள். அப்படி நனைந்து நின்ற ஒரு மத்தியானத்தில்தான் சென்றாயன் உடம்பெல்லாம் சேறோடு வாசலில் வந்து நின்றான். அக்கம்பக்கத்துத் தறிக்காரிகள் சிரித்த சிரிப்பு இன்னமும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு தைத்த ஜாக்கெட் எல்லாம் அந்தப் பச்சையைக் கொடுத்துத் தைத்ததுதான். உடம்பு பெருக்கப் பெருக்க ஓரத்தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்த மாசம் ஈரோட்டில் பார்த்தது பெண் டாக்டர். கலைமணி பச்சை ஜாக்கெட்டை நீட்டினாள். அந்தம்மா அதை மேசையில் விரித்து, பிரித்துவிட்ட தையல்களை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு கரண்டு வைத்தார்களா, கதிர்வீச்சு கொடுத்தார்களா என்று விசாரித்தார். இல்லை, மருந்து மட்டும்தான் ஏற்றினார்கள் என்றாள். முதலில் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து இடம் பண்ண வேண்டும், மாசக்கணக்கில் ஆகும், அப்புறம்தான் சிலிக்கான் என்றார்.

சென்றாயன் அதே கேள்வியைக் கேட்டான்.

"ஆகியிருக்கு. சிலருக்கு உள்ள இறுகிப்போச்சு, எடுத்துட்டு வேற வெச்சேன். உங்களுக்கும் பின்னாடி மாத்த வேண்டி வரலாம்" என்றார் டாக்டர். சென்றாயன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"இடதுபக்கத்த என்ன பண்ணலாம்?" என்று டாக்டர் கலைமணியைக் கேட்டார்.

"அது புள்ளைக்குப் பால் குடுத்ததுங்க. அதைய உட்ருங்க" என்றாள் கலைமணி.

அப்படியானால் ஜாக்கெட்டுக்குள் சமமாக இருக்கும், படுத்தால் மட்டும் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று சாய்ந்தும் தெரியும் என்று டாக்டர் எச்சரித்தார்.

"படுத்தாப் பார்க்கறது இவரு ஒருத்தருதானுங்க."

சென்றாயன் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அளவு பார்க்க ஆகும், ஜாக்கெட்டை விட்டுப் போக முடியுமா என்று கேட்டார். கலைமணி அதை மறுபடி மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"தையக்கடைக்காரங்க மாதிரி தொலைச்சுப்போடாதீங்க சாமி. அளவுக்கு எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்குது."