ஆறு முட்டையும் நான்காவது மாடியும்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் செரீனா வேலை செய்த தொழிற்சாலை, காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானிகளைத் தயாரித்தது. உள்ளங்கை அளவுக் கருவி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதற்கு மேலும் கீழும் தெர்மகோல் என்னும் வெள்ளை நுரைக்கட்டி வைத்து, செருப்புப் பெட்டி அளவுள்ள அட்டைப்பெட்டியில் இறக்குவதுதான் அவள் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் லூனாஸிலுள்ள தன் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பும்போது தலையெல்லாம் நுரைத்துகளாக இருக்கும்.

வருடக் கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து காட்டமாக ஒரு கடிதம் வந்தது. ‘நாங்கள் வாங்குவது கருவியா, நுரையா? ஏப்ரலுக்குள் நுரையில்லாத பெட்டி வராவிட்டால் ஆர்டர் கிடையாது.’

பெட்டி வடிவமைக்கும் இளம் இன்ஜினியர் கென்னத் மூன்று வடிவங்கள் செய்து பார்த்தான். பெட்டியைக் கீழே போட்டுப் பார்க்கும் சோதனை இயந்திரத்திலிருந்து விழுந்ததும் மூன்றிலும் கண்ணாடி நொறுங்கியது.

ஒரு நாள் தேநீர் இடைவேளையில், வீணாய்க் கிடந்த நெளியட்டை ஒன்றைச் செரீனா சும்மா கீறிக்கொண்டிருந்தாள். கீறிய இடத்தை உள்ளே தள்ளியபோது, அது நாக்குப்போல நீண்டு விரலை மெத்தென்று எதிர்த்துத் தள்ளியது. நாலு பக்கமும் அப்படியே கீறி மடித்து, நடுவில் ஒரு ஈரமானியை வைத்தாள். எந்தச் சுவரையும் தொடாமல் அது அந்தரத்தில் நின்றது. பசையில்லை, நுரையில்லை, ஒரே ஒரு அட்டை. பழைய அட்டைகள் நாலைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கருவியை வெளியே எடுத்துப்போக முடியாது. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் ஆறு முட்டைகளை உள்ளே வைத்து, பெட்டியைக் கணவன் அலனிடம் நீட்டினாள்.

“நாலாவது மாடிக்குப் போய் கீழ போடுங்க.”

“முட்டையவா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு லா!”

“நான் கை காட்டினதும் விடுங்க. அவ்வளவுதான்.”

பெட்டி விழுந்து இரண்டு குட்டிக்கரணம் அடித்தது. செரீனா ஓடிப்போய்த் திறந்தாள். ஆறும் முழுசாக இருந்தன! அவள் போட்ட கூச்சலில் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

“பெச்சா தாக்?” உடைந்ததா என்று மூன்றாம் மாடியிலிருந்து மலாய்க்கார அத்தை மக்சிக் ரோகாயா கேட்டார்.

“தாக் பெச்சா, மக்சிக்! ஒன்னுகூட உடையல!”

அவ்வளவுதான், அடுக்குமாடியே கீழே இறங்கிவிட்டது. மக்சிக் கண்ணாடிக் கிளாஸோடு வந்தார். பிரேமாவதி அக்கா மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் தந்தார். சுகுமாரன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

“அது எதுக்கு அண்ணே?”

“உடைஞ்சா புதுசு வாங்கச் சாக்கு கிடைக்கும்மா.”

பெட்டிக்குள் ஒவ்வொன்றாக மேலே போயின, ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொரு முறையும் கீழே நின்ற கூட்டம் எண்ணிக் கத்தியது. எதுவும் உடையவில்லை. சுகுமாரனின் முகம்தான் தொங்கிப்போயிற்று. படி ஏறி இறங்கி அலனுக்குக் கால் வலித்தது. ஆனாலும் இன்னொருவரை ஏறவிடவில்லை.

திங்கட்கிழமை செரீனா கென்னத்திடம் பெட்டியைக் கொடுத்தாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுவா அக்கா? வெறும் அட்டைதானே?” என்றாலும், உள்ளே ஒரு கருவியை வைத்து இயந்திரத்தில் ஏற்றினான். முதல் வீழ்ச்சி மூலையில். திறந்தார்கள். கண்ணாடியில் நீளமாக ஒரு விரிசல்.

நாலாவது மாடி செய்யாததை ஒரு மீட்டர் உயரம் செய்துவிட்டதே! செரீனா பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். நாக்குகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தன. முட்டைகளும் கிளாஸும் பாட்டிலும் பெட்டியை நிறைத்து நெருக்கி நின்றிருந்தன; மூக்குக்கண்ணாடிக்கோ கனமே இல்லை. தனியாக நின்ற கருவியோ அந்தத் திசையில் வழுக்கி மூலையில் மோதியிருந்தது.

“தம்பி, கத்தி குடு!” பதற்றத்தில் அவனை ‘மிஸ்டர்’ என்று அழைக்க மறந்துபோனாள். எதிரெதிர்ப் பக்கங்களில் நாக்குகளை மாற்றிக் கீறினாள்.

மூலை, தப்பியது. மூன்று விளிம்பு, தப்பியது. ஆறு பக்கம். கென்னத் ஒவ்வொன்றாக எண்ணினான். ஏழுக்கு மேல் அவன் குரலே கீச்சென்றாகிவிட்டது. பத்தாவதும் தப்பியதும் அவன் செரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்க, அவளும் குதிக்க, மேனேஜர் சமந்தா கதவைத் திறந்தார்.

“என்ன இங்க, கல்யாணமா?”

விஷயத்தைக் கேட்டதும் அவர் இயந்திரத்தின் அருகே வந்தார். “நகருங்க. பட்டனை நான் அமுக்கறேன்.” பத்து முறை அமுக்கினார். பதினொன்றாவது முறையும் அமுக்கினார்.

“பத்துதான் மேடம்,” என்றான் கென்னத்.

“தெரியும் லா. ஆசையா இருக்கு.”

புதுப் பெட்டி பழையதில் பாதிகூட இல்லை. பழையது இருநூற்று நாற்பது அடுக்கிய சரக்குப் பலகையில் புதியது ஐந்நூற்று அறுபது அடங்கின. பயன்படுத்தியபின் பழைய தாளோடு மறுசுழற்சிக்குப் போட்டுவிடலாம். வரைபடத்தின் மூலையில் கென்னத் தன் பெயருக்கு மேலே செரீனாவின் பெயரை எழுதினான்.

பிப்ரவரியில் முந்நூறு பெட்டிகள் சோதனைக்காகக் கப்பல் ஏறின. மார்ச் மாதம் ஒரு மத்தியானம் பதில் வந்தது: முந்நூறும் பத்திரம், ஆர்டர் தொடர்கிறது. செரீனா அதைத் திரையில் மூன்று தடவை படித்துவிட்டு வெளியே ஓடிப்போய்க் கைப்பேசியில் அலனைக் கூப்பிட்டாள். பேச வாய் திறந்தால் சிரிப்புதான் வந்தது.

“ஏய், என்னாச்சு? ஏன் அழற?” அலன் பதறினான்.

“அழல,” என்றாள், மூச்சு வாங்கி. “எதுவுமே உடையலங்க, எதுவுமே!”