ஒருவேளைச் சோற்றில் ஓடியவன்

பாலத்தடித் தோட்டத்தில் ஐயாவு முன்னால் ஓடுவது புதிதல்ல. காய்ச்சல் வருடத்துக்கு முன்பு, புளத்கொகுபிட்டியச் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் துரைமார் கிளப் நடத்திய ஓட்டத்தில் முதல் ஆளாக வந்து கம்பளி வாங்கியவன் அவன்தான். இப்போதும் தோட்டத்து அணியில் அவனைத்தான் முன்னால் விட்டிருந்தார்கள். காரணம்தான் மாறிப்போயிருந்தது. ஆக மெதுவாக ஓடுகிறவன் முன்னால் போகவேண்டும், அவனை யாரும் தாண்டக் கூடாது என்பது மர்சூக் போட்ட சட்டம்.

மர்சூக் தோட்டத்து லொறி டிரைவர். அணிக்கு அவன்தான் தலைவன். அந்தச் சட்டத்தை அவன் சும்மா போடவில்லை. முதல் ஆளுக்குக் கம்பளி கொடுத்த காலம் போய், இந்த வருடம் துரைமார் புது வழக்கம் கொண்டுவந்திருந்தார்கள். தோட்டத்துக்கு ஐந்து பேர் ஓட வேண்டும். ஐந்தாவது ஆள் கோட்டைத் தொடும்போதுதான் அந்தத் தோட்டம் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. ஒருத்தன் மட்டும் குதிரை மாதிரி ஓடிப் பிரயோசனமில்லை.

ஆகவே பின்னேரத்தில், ரப்பர்ப் பால் வாளிகளையெல்லாம் ஸ்டோரில் கொடுத்து முடித்தபிறகு, ஐந்து பேரும் வண்டிப்பாதையில் ஒருவர் பின் ஒருவராக ஓடினார்கள். முன்னால் ஐயாவு. அவனுக்குப் பின்னால் காவற்கார பண்டா. அடுத்தது சின்னக் கிளாக்கர் இராசநாயகம். யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது ஓடிப் பழகியவர் என்று தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்டு, வெள்ளைக் கான்வஸ் சப்பாத்துடன் வந்து சேர்ந்தவர். பிறகு புல்வெட்டுக் கூட்டத்துச் சின்னத்தம்பி. கடைசியில் மர்சூக்.

"இது ஓட்டமோ, சாமி ஊர்வலமோ?" என்று இராசநாயகம் முதல் நாளே சலித்துக்கொண்டார்.

ஐயாவு காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொள்ள மூச்சு வேண்டுமே. இடது விலாவுக்குக் கீழே காய்ச்சல் கட்டி இன்னும் கரையாமல் இருந்தது. ஏற்றம் வந்தால் அது உள்ளுக்குள் கல்லாய் உருண்டது. அவன் தடுமாறும்போதெல்லாம் பண்டா பின்னாலிருந்து, "ஹெமின், ஐயாவு, ஹெமின்," என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொல்லி வேகத்தைக் குறைக்க வைப்பான்.

அந்தக் காய்ச்சலைப்பற்றி இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்து, ஆறெல்லாம் குட்டை குட்டையாய்த் தேங்கி, அதில் கொசு பெருகி, லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு ஆட்கள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். பிணம் தூக்க ஆள் கிடைக்கவில்லை. உடுக்கடித்த பூசாரியே போய்விட்டார். ஐயாவும் விழுந்தான், பிறகு எழுந்தான். அவன் பெண்டாட்டி அழகம்மாவும் நாலு வயது மகள் ராக்குவும் ஒரே பாயில் கிடந்தார்கள். அந்த நேரத்தில்தான் அவன் மாரியம்மன் கோயிலில் போய் விழுந்து, "ரெண்டு உசுரையும் குடுத்துரு ஆத்தா. உன் அடுத்த வருசத் திருவிழா வரைக்கும் ஒருவேளைச் சோத்தோட இருக்கேன்," என்று வேண்டிக்கொண்டான்.

ஆத்தா ஒன்றைத்தான் கொடுத்தாள். விடியற்காலையில் அழகம்மா போனாள். அன்று பொழுது சாயும்போது ராக்கு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

பாதி நிறைவேறிய வேண்டுதலை என்ன செய்வது? யாரிடம் கேட்பது? தோட்டத்தில் ஒருநாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர் போடுவார்கள். அரைநாளில் நின்றுவிட்டால் அரைப்பேர். துரைக்கும் கங்காணிக்கும் அது சரி. ஆத்தாவிடம் போய் அரைப்பேர் போடுகிற துணிச்சல் யாருக்கு வரும்? குறைத்துக் கட்டினால் கொடுத்ததையும் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ஐயாவு அதற்குமேல் கணக்குப் பார்க்கவில்லை. முழுக்கடனையும் கட்டுவதென்று தீர்மானித்தான். காலையில் வெறும் தேத்தண்ணி. பால் கொண்டுவந்து கொடுத்தபிறகு மத்தியானத்தில் சோறு. ராத்திரிக்குத் தண்ணீர். லயத்தில் அவனுடைய அக்கா வெள்ளையம்மாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

அப்படியானால் ஏன் ஓட வந்தான் என்று கேட்கலாம். துரை கூப்பிட்டார், வந்தான். அது ஒரு காரணம். உடம்பு பழைய மாதிரி ஆகுமா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. அதை அவன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

வாரங்கள் போயின. மெதுவாக ஓடி ஓடியே மற்றவர்களுக்கு மூச்சு நீண்டுவிட்டது. கிளாக்கர் இப்போது ஏற்றத்திலும் பேசிக்கொண்டே வந்தார். சின்னத்தம்பி கால் பரபரக்கப் பின்னால் குதித்துக்கொண்டிருந்தான். ஐயாவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான். சொல்லப்போனால் கொஞ்சம் பின்வாங்கியும்விட்டான். ஓட்டம் முடிந்ததும் ஸ்டோர் வாசலில் எல்லோருக்கும் ஒரு கருப்பட்டித் துண்டோடு கஞ்சி ஊற்றுவார்கள். மர்சூக் துரையிடம் பேசி வாங்கிய சலுகை அது. பிள்ளை தேடும் என்று சொல்லி, கஞ்சிக்கு முன்பே ஐயாவு கழன்றுவிடுவான்.

நோன்பு மாதம் வந்தது. அந்த மாதம் மர்சூக் ஓடவில்லை. பாலத்துக் கட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்க்கும்போதுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. ஒருநாள் பாலத்துக்குக் கிட்டே வரும்போது ஐயாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்துவிட்டான்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபிறகு மர்சூக் கேட்டான்: "பகலைக்கு என்ன சாப்பிட்ட?"

"சோறு, நானா."

"நேத்து ராவைக்கு?"

ஐயாவு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நானும் நோம்போடதான் ஈக்கிறேன். பசிச்சவன்ட மொகம் எனக்குத் தெரியாதா? எனக்கு பொழுது பட்டு மஃரிபுக்கு பாங்கு சொன்னா முடிஞ்சிரும். ஒன்ட நோம்பு எப்ப முடியிற?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே ஐயாவு எல்லாவற்றையும் சொன்னான். சின்னத்தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் வீட்டிலும் காய்ச்சல் ஓர் ஆளைக் கொண்டுபோயிருந்தது.

"எங்கட மார்க்கத்துல நோயாளிக்கு நோம்பு இல்ல," என்றான் மர்சூக். "சொகமான பொறகு பிடிச்சிக் குடுக்கலாம்."

"உங்க சாமி பொறுக்கும் நானா. எங்க ஆத்தா கோவக்காரி."

"அப்ப பங்கு போட்டுக்குவோம் அண்ணே," என்றான் சின்னத்தம்பி. "எங்க அப்பனுக்கு நேந்த காவடிய எங்க சித்தப்பா தூக்கலையா? ராத்திரிக்கு ஒருத்தரா நாங்க பட்டினி கெடக்குறோம். நீ சாப்புடு."

"வேண்டிக்கிட்டவன் நானு. என் வயிறுதான்டா காயணும்."

இராசநாயகம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்திருந்தவர், நிமிர்ந்து, "அரைவாசி குடுத்ததுக்கு முழுசாய்க் கட்டுறது என்ன நியாயம்?" என்றார். குரலில் பழைய நக்கல் இல்லை.

"ஆத்தாவுக்கு அரைப்பேர் போடச் சொல்றீங்களாய்யா?"

கிளாக்கர் மறுபடியும் சப்பாத்துக் கயிற்றுக்குக் குனிந்தார். அரைப்பேர் போடுவது அவர் தினமும் செய்கிற வேலை.

"என்னைய விட்டுருங்க நானா. வேற ஆளப் போட்டுக்கங்க," என்றான் ஐயாவு.

"விடேலாது," என்றான் மர்சூக். "ஓட முடியாட்டி நட. நீ முன்னால நட, இவங்க பின்னால நடப்பாங்க."

மறுநாள் அப்படியே நடந்தது. வண்டிப்பாதையில் ஐயாவு நடந்தான். அவனுக்குப் பின்னால் மூன்று ஆண்பிள்ளைகள், ஒருவரும் முந்தாமல், ஒன்றும் பேசாமல் நடந்து வந்தார்கள். மேலே தேயிலை மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யார் செத்தது என்று ஒருத்தி கேட்டாள். ஐயாவு தலையைத் திருப்பாமல் நடந்தான். விட்டுவிட்டுப் போயிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். பின்னாலேயே வருகிறவர்களை என்ன செய்வது? அப்போதும் அவன் ராத்திரியில் சாப்பிடவில்லை.

தைப்பொங்கலுக்கு வீடு மெழுகவென்று வெள்ளையம்மா ஐயாவின் காம்பராவிலிருந்த சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டியை நகர்த்தியவள் கத்தினாள்.

"தம்பி, இங்க வந்து பாரு."

பெட்டிக்குப் பின்னால், பால் சிரட்டைகள் சிலது கவிழ்த்து மூடி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே சோற்று உருண்டைகள். வெள்ளையம்மா ராக்குவுக்கு ராத்திரியில் உருட்டிக் கொடுக்கும் உருண்டைகள்தான். சிலது காய்ந்து விறைத்திருந்தன, சிலதில் பூசணம். எறும்பு சாரை சாரையாய் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை தேறாமல் ஏன் இப்படி ஈர்க்குச்சியாய் இருக்கிறாள் என்று வெள்ளையம்மா எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறாள். காய்ச்சல் விட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று ஐயாவும் நம்பிக்கொண்டிருந்தான்.

"ஏன்டி இப்படிப் பண்ணுன? ராத்திரிக்கு நீ சாப்புடுறதே இல்லையா?" வெள்ளையம்மா கையை ஓங்கிவிட்டாள்.

ராக்கு அத்தையைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். தப்புச் செய்த முகமே இல்லை அவளுக்கு.

"அப்பா ராத்திரிக்கு சாப்புடாம இருந்துச்சு, ஆத்தா என்னையக் குடுத்துருச்சுல்ல?" என்றாள். "நானும் சாப்புடாம இருந்தா அம்மாவையும் குடுத்துரும்ல?"

வெள்ளையம்மா ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐயாவு நின்றான். எதைக் காப்பாற்ற வாயைக் கட்டினானோ, அது அவன் கண்ணெதிரே அவனைப் பார்த்துப் பார்த்தே காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அவன் வேண்டுதல் அந்தக் காம்பராவுக்குள்ளேயே இன்னொரு வேண்டுதலைப் பெற்றுப் போட்டிருக்கிறது. அதுவும் கிடைக்காத ஒன்றுக்கு. ஆத்தாவின் கோபத்தை நினைத்துப் பயந்தவனுக்கு இப்போது தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

"அக்கா," என்றான். "சோறு போடு."

"பொழுது எறங்கிருச்சேடா."

"போடு. ரெண்டு பேருக்கும்."

ஒரே தட்டில்தான் போட்டாள். ஐயாவு ஒரு உருண்டை உருட்டி ராக்குவின் வாயில் வைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவன் அதைத் தன் வாயில் போட்டு, மென்று, அவள் பார்க்க விழுங்கினான். அடுத்த உருண்டைக்கு அவள் வாயைத் திறந்தாள். "அம்மா வராதா?" என்று வாயில் சோற்றோடு கேட்டாள்.

"வராதும்மா," என்றான். அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. நிமிடத்துக்கு நிமிடம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். விடிந்தபோது நெற்றி குளிர்ந்தே இருந்தது. மறுநாள் ராத்திரியும் சாப்பிட்டான், கொயினா மருந்தை விழுங்குவதுபோல் பயந்து பயந்து. பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. ராக்கு தும்மினாலும் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். ஆனாலும் சாப்பிட்டான். கோயிலுக்குப் போய், "என்னையத் தண்டிக்கணும்னா என்னையத் தண்டி, பிள்ளையத் தொடாத," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். ஓட்டம் முடிந்து மற்றவர்களோடு ஸ்டோர் வாசலில் குந்தி, நீட்டிய கஞ்சியை முதன்முதலாக வாங்கினான். சின்னத்தம்பி தன் கருப்பட்டித் துண்டையும் எடுத்து அவன் கையில் திணித்தான்.

உடம்பு நன்றி கெட்டதல்ல. கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது. நடை ஓட்டமானது, ஏற்றத்தில் கல் உருளுவது நின்றது. நோன்பு முடிந்து எப்போதோ ஓட வந்துவிட்ட மர்சூக் ஒருநாள் ஐயாவின் தோளைப் பிடித்து இரண்டாவது இடத்தில் நிறுத்தினான். கொஞ்சநாள் போக மூன்றாவது இடம். கடைசியில் ஒரு பின்னேரம், "நீ பின்னால போ," என்று தன் இடத்தைக் காட்டினான். முதலில் வந்து கம்பளி வாங்கியபோதுகூட ஐயாவுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. எல்லோருக்கும் பின்னால் போய் நின்று, மற்ற நாலு முதுகுகளையும் பார்த்துக்கொண்டு ஓடினான்.

மாசியில், ரப்பர் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தபோது, ஓட்டம் நடந்தது. பாதித் தூரத்தில் கிளாக்கரின் சப்பாத்து காலைக் கடித்துவிட்டது. அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நொண்டினார். ஐயாவு அவரைத் தாண்டவில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்து, "ஹெமின், ஐயா, ஹெமின்," என்று தள்ளிக்கொண்டே வந்தான். பாலத்தடித் தோட்டம் மூன்றாவதாகத்தான் வந்து சேர்ந்தது. கம்பளிகள் வேறு தோட்டத்துக்குப் போயின.

கிளப் மைதானத்து ஓரத்தில் வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ராக்கு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. ஐயாவு மூச்சிரைக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் நெற்றியைத் தொட்டான். வெயிலுக்கு வியர்த்திருந்தது, அவ்வளவுதான். முன்பெல்லாம் ஓட்டம் முடிகிற இடத்தில் செம்பில் தண்ணீரோடு நிற்பது அழகம்மா. அக்காவுக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாகக் கிடந்தது.

அங்கேதான் அவன் அழுதான். அவள் போன அன்றுகூட அவன் அழவில்லை. முழுக்கடனையும் கட்டிக்கொண்டிருந்தவரை, முழுதாகக் கிடைத்துவிடும் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் அவனும் மகளைப் போலவே நம்பிக்கொண்டிருந்தான். தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதான்.

அணியே வந்து சுற்றி நின்றது. தோற்றதற்காக அழுகிறான் என்று நினைத்துச் சின்னத்தம்பி அவன் தோளைத் தட்டினான்.

"அழாதண்ணே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

மர்சூக் சின்னத்தம்பியின் கையை மெல்ல இழுத்தான். ஐயாவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எதிரே நிற்கிற நாலு பேரையும் பார்த்தான். வேண்டுதல் முடிகிற திருவிழாவுக்கு அப்பால் ஒரு நாளைக்கூட அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"சரிடா," என்றான். "அடுத்த வருசம்."